பகிரத்தக்க மீதரவு: நூலகங்களும் ஆவணகங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நூற்பட்டி, சுவடி விவரணை, பழைய இதழ்களின் அட்டவணை, நிழற்படக் குறிப்பு இவற்றை வெளியில் கொடுக்க முனைகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்ச் சேகரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

மீதரவு என்றால் நூற்பட்டிதானே? அதில் "பகிரத்தக்க" என்று தனியாக என்ன இருக்கிறது?

ஆமாம், நூற்பட்டியும் மீதரவுதான். ஒரு பொருளின் பெயர், ஆக்கியவர், காலம், மொழி, இருக்குமிடம், உரிமை ஆகியவற்றைச் சொல்லும் தரவு எல்லாமே மீதரவு, அதாவது மெட்டாடேட்டா. உங்கள் தளத்தில் ஒரு பதிவைப் பார்ப்பவருக்கு அந்தப் பதிவு மட்டுமே கண்ணில் படுவதில்லை. மேலே நிறுவனத்தின் பெயர், பக்கத்தில் சேகரத்தின் பெயர், கீழே அறிமுகக் குறிப்பு எல்லாம் சேர்ந்து பொருளை விளக்கிவிடுகின்றன. அதே பதிவு வேறொரு தளத்தில் லட்சக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே போய் நிற்கும்போது இவை எதுவும் கூட வருவதில்லை.

இத்துறையில் எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் படத்தொகுப்பில் ஒரு படத்துக்கு "குதிரையின் மேல்" என்று மட்டும் தலைப்பு. தொகுப்புக்குள் இருக்கும்வரை அது போதும். வெளியே வந்தால் யார், எங்கே, எந்தக் குதிரை என்று எதுவும் புரியாது. நம் சேகரங்களில் இதற்கு இணையானவை "பாலகாண்டம்", "தொகுதி 3 பகுதி 4", "முன்பக்கத் தோற்றம்". தனியே நின்றாலும் பொருள் தரும்படி எழுதப்பட்ட பதிவுதான் பகிரத்தக்க பதிவு. மென்பொருள், நெறிமுறை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்களைப் போன்ற சின்ன நூலகத்தின் தரவை யார் எடுப்பார்கள்?

பல நிறுவனங்களின் பதிவுகளை ஒரே இடத்தில் தேடக் கொடுக்கும் தளங்களைத் திரட்டிகள் என்கிறோம். கரக்பூர் ஐஐடி நடத்தும் இந்தியத் தேசிய மின்னூலகம், 2008இல் தொடங்கிய ஐரோப்பாவின் யூரோப்பியானா, 2013இல் தொடங்கிய அமெரிக்காவின் பொது மின்னூலகமான டிபிஎல்ஏ எல்லாம் இந்த வகை. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வரும் நிறுவனங்களிடமிருந்தே எடுக்கும். ஆகவே எதில் சேரத் தகுதி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

சேகரம் சிறியது என்பது தடையல்ல. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் திரட்டியதுதான் 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். வேறெங்கும் பிரதி இல்லாத துண்டுப் பிரசுரம், மடத்துச் சுவடி, ஊர்ச் சங்கத்தின் மலர் எல்லாம் பெரும்பாலும் சின்ன இடங்களில்தான் கிடக்கின்றன.

பதிவைக் கொடுத்துவிட்டால் அப்புறம் எங்கள் தளத்துக்கு யார் வருவார்கள்?

கொடுப்பது பதிவை மட்டும்தான், பொருளை அல்ல. ஸ்கேன் கோப்பு உங்கள் சர்வரிலேயே இருக்கும். பதிவில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால் வாசகர் உங்களிடம்தான் வந்து சேர்வார். அந்த இணைப்பு முகப்புப் பக்கத்துக்குப் போகாமல், குறிப்பிட்ட நூலின் பக்கத்துக்கே நேராகப் போக வேண்டும். முகப்பில் இறக்கிவிட்டால் முக்கால்வாசிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

குறைந்தபட்சம் எந்தெந்தப் புலங்களை நிரப்ப வேண்டும்?

புலம் என்பது பதிவில் தலைப்பு, தேதி என ஒவ்வொரு தகவலுக்கும் உள்ள கட்டம். பெரும்பாலான திரட்டிகள் ஏற்கும் எளிய கட்டமைப்பு டப்ளின் கோர். 1995இல் ஒஹையோவின் டப்ளினில் நடந்த பட்டறையில் உருவானது. அடிப்படைப் புலங்கள் 15. எதுவும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். இந்தத் தாராளமே அதன் பலவீனமும்கூட. எல்லாவற்றையும் காலியாக விட்டாலும் பதிவு செல்லும்.

தலைப்பு, ஆக்கியவர், தேதி, மொழி, வகை, உரிமை, நிலையான இணைப்பு, வைத்திருக்கும் நிறுவனம் ஆகிய எட்டும் இல்லாமல் ஒரு பதிவை வெளியே அனுப்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கடைசியாகச் சொன்ன நிறுவனத்துக்கு எளிய டப்ளின் கோரில் தனிப் புலம் கிடையாது. அதனால் பலர் தங்கள் நூலகத்தின் பெயரைப் பதிப்பாளர் புலத்தில் போட்டுவிடுகிறார்கள். 1890இல் சென்னையில் அச்சான நூலுக்கு 2015இல் தொடங்கிய அறக்கட்டளை பதிப்பாளர் ஆகிவிடுகிறது. பதிப்பாளர் என்பது மூல நூலை வெளியிட்டவர். நிறுவனத்தின் பெயரை எந்தப் புலத்தில் எதிர்பார்க்கிறது என்று திரட்டியிடம் கேட்டு, எல்லாப் பதிவிலும் அதே இடத்தில் போடுங்கள்.

அட்டையில் உள்ள தலைப்பை அப்படியே எழுதினால் போதாதா?

தலைப்புப் பக்கத்தில் உள்ளதை அப்படியே எழுதுவது சரி. ஆனால் அது தனியே நிற்குமா என்று பாருங்கள். நூலின் ஒரு பகுதி என்றால் முழு நூலின் பெயர் முதலில் வர வேண்டும்: "கம்பராமாயணம்: பாலகாண்டம்". இதழ் என்றால் இதழின் பெயர், தொகுதி, பகுதி, மாதம், ஆண்டு. தலைப்பே இல்லாத படத்துக்கும் கடிதத்துக்கும் நீங்கள் தலைப்புக் கொடுக்கும்போது யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கில் தெரிந்தவற்றை எழுதுங்கள். நீங்கள் கொடுத்தது என்பது தெரிய அதைச் சதுர அடைப்பில் இடுவது வழக்கம்.

தலைப்பின் தொடக்கத்தில் சேர்க்கை எண்ணோ கோப்பின் பெயரோ ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்குங்கள். "ஸ்ரீ", "ஸ்ரீமத்" போன்ற முன்னொட்டுகளை நீக்க வேண்டாம். அவை நூலில் உள்ளவை. அவை இல்லாத வடிவத்தை மாற்றுத் தலைப்பாகச் சேர்த்துவிட்டால் இரண்டு வகையாகத் தேடுகிறவருக்கும் கிடைக்கும்.

ஃபார்மில் "கடைசிப் பெயர், முதல் பெயர்" என்று கேட்கிறது. தமிழ்ப் பெயருக்கு என்ன செய்வது?

பெரும் குழப்பம் இங்கேதான். தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கும். உ. வே. சாமிநாதையரில் உ. என்பது உத்தமதானபுரம், வே. என்பது வேங்கடசுப்பையர். ஆகவே அவருடைய சொந்தப் பெயரை முதலில் எழுதி, காற்புள்ளியிட்டு, முன்னெழுத்தைப் பின்னால் போடலாம்: "சாமிநாதையர், உ. வே., 1855–1942". ஆறுமுக நாவலருக்கு இந்த வெட்டு பொருந்தாது. நாவலர் என்பது பட்டம். "நாவலர், ஆறுமுக" என்று மென்பொருள் தானாகப் பிரித்துவிட்டால் திருத்துங்கள். பெயருக்குள் காற்புள்ளி இல்லாமல் "ஆறுமுக நாவலர், 1822–1879" என்பதே சரி.

முன்னெழுத்துக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி என்று ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "உ.வே.சா", "உ வே சாமிநாத ஐயர்", "டாக்டர் உ.வே. சாமிநாதையர்" மூன்றையும் கணினி மூன்று பேராகத்தான் எண்ணும். மகாமகோபாத்தியாய, பண்டித, வித்துவான், திரு போன்றவற்றைப் பெயர்ப் புலத்தில் சேர்க்க வேண்டாம்.

புனைபெயர் நூலில் இருந்தால் புனைபெயரே தலைமைப் பெயர். புதுமைப்பித்தன் என்பவரும் சொ. விருத்தாசலம் என்பவரும் ஒருவரே என்பதைப் பதிவுக்குப் பதிவு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் ஒருவரின் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒன்றாக இணைத்து வைக்கும் பெயர் ஆணைக்கோப்பு. வியாஃப், விக்கித்தரவு போன்ற பன்னாட்டு இணையத் தரவுத்தளங்களில் ஒருவருக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பதிவில் சேர்த்துவிட்டால் எழுத்து வேறுபாடுகளைத் திரட்டியே இணைத்துக்கொள்ளும். ஔவையார் போல ஒரே பெயரில் பல காலத்துப் புலவர்கள் இருக்கும் இடத்தில், யார் என்று உறுதியாகத் தெரியாமல் எண்ணை ஒட்டாதீர்கள். தவறான எண் வெற்றிடத்தைவிட மோசம்.

"விகாரி வருஷம் தை மாசம்" என்றுதான் போட்டிருக்கிறது. தேதிப் புலத்தில் என்ன எழுதுவது?

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விகாரி 1839–40, 1899–1900, 1959–60 மூன்றுக்கும் பொருந்தும். எந்தச் சுற்று என்பதை நூலே பல நேரம் காட்டிக்கொடுக்கும். அச்சுக்கூடத்தின் பெயர், பதிப்பித்தவரின் வாழ்நாள், விலை எந்த நாணயத்தில் என்பவை தடயங்கள். "1867ஆம் வருஷத்து 25ஆவது ஆக்டின்படி ரிஜிஸ்டர் செய்யப்பட்டது" என்ற வரி தலைப்புப் பக்கத்தில் இருந்தால் 1839–40 அடிபட்டுவிடும். அடுத்து, ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். 1899இல் தொடங்கிய விகாரியின் தை, 1900 ஜனவரி–பிப்ரவரி. இதை மறந்து 1899 என்று எழுதிய பதிவுகள் ஏராளம்.

மற்றக் கணக்குகளுக்கு: சக ஆண்டோடு 78 கூட்டுங்கள், கலியாண்டிலிருந்து 3101 கழியுங்கள், திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31 கழியுங்கள். கொல்லம் ஆண்டு ஆவணி வாக்கில் தொடங்குவதால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு என்பதால் ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்து வராது, மாற்று அட்டவணை வேண்டும்.

எழுதும் முறைக்கு இடிடிஎஃப் என்ற விதி இருக்கிறது. 2019இல் தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601இன் இரண்டாம் பகுதியில் சேர்ந்தது. மேலே சொன்ன தை மாதத்தை "1900-01/1900-02" என்று வரம்பாக எழுதலாம். ஐயம் என்றால் "1900?", தோராயம் என்றால் "1900~", இரண்டில் ஒன்று என்றால் "[1840,1900]". நூலில் உள்ள "விகாரி வருஷம் தை மாசம்" என்ற தொடரை எறிந்துவிடாமல் விவரணையில் அப்படியே எழுதிவையுங்கள். உங்கள் கணக்கு தப்பென்றால் பின்னால் வருபவர் திருத்த அதுதான் வழி. "19ஆம் நூற்றாண்டு இருக்கலாம்" போன்ற வாக்கியத்துக்கும் இடம் விவரணைதான், தேதிப் புலம் அல்ல. அங்கே வாக்கியம் வந்தால் திரட்டியின் கால வடிகட்டியில் அந்த நூல் காணாமல் போகும்.

ஸ்கேன் எடுத்த தேதியை எங்கே போடுவது? அதுவும் முக்கியம்தானே?

உங்களுக்கு முக்கியம், வாசகருக்கு அவ்வளவாக இல்லை. ஒரு பதிவு ஒரு பொருளையே விவரிக்க வேண்டும் என்பது பழைய விதி. அச்சு நூலும் அதன் ஸ்கேனும் இரண்டு பொருள்கள். இரண்டின் தேதியையும் ஒரே புலத்தில் அடுத்தடுத்துப் போட்டால், 1887இல் வந்த நூல் சில தளங்களில் 2019 என்று வரிசைப்படும். ஸ்கேன் செய்தவரை ஆக்கியவர் புலத்தில் சேர்ப்பதும் இதே தவறு. வெளியே போகும் பதிவில் மூல நூலின் தேதி மட்டும் போதும். ஸ்கேன் தேதி, ஸ்கேனரின் வகை, டிபிஐ அளவு எல்லாம் உங்கள் உள் பதிவில் தனிப் புலங்களில் இருக்கட்டும்.

ஓலைச்சுவடியைப் படம் பிடித்திருக்கிறோம். வகை "படம்" என்று போட்டது சரியா?

சரியில்லை. டப்ளின் கோரின் வகைச் சொல் பட்டியலில் 12 சொற்கள் உள்ளன. எழுத்தின் படப் பிரதியும் உரை வகையைச் சேர்ந்ததே என்று அந்தப் பட்டியலே தெளிவாகச் சொல்கிறது. ஆகவே சுவடிக்கும் நூலின் ஸ்கேனுக்கும் வகை உரை. ஜேபெக், பிடிஎஃப் போன்றவை வடிவப் புலத்துக்கு உரியவை.

சுவடியில் இன்னொரு சிக்கல், ஒரே கட்டுக்குள் நாலைந்து நூல்கள் இருப்பது. கட்டுக்கு ஒரு பதிவு மட்டும் போட்டால் உள்ளே இருக்கும் மருத்துவ நூல் யார் கண்ணிலும் படாது. நூலுக்கு ஒன்றாகப் பதிவு எழுதி, ஒவ்வொன்றிலும் கட்டின் எண்ணைத் தொடர்புப் புலத்தில் சேர்ப்பதே நல்லது. ஏடுகளின் எண்ணிக்கை, செ.மீ. அளவு, பக்கத்துக்கு எத்தனை வரி, முழுமையா குறையா, தொடக்க வரி, முடிவு வரி ஆகியவற்றை விவரணையில் எழுதுங்கள். பெயர் தெரியாத நூலை வேறிடத்துப் பிரதியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கத் தொடக்க வரியைப் போல் உதவுவது வேறில்லை.

மொழிப் புலத்தில் "தமிழ்" என்று எழுதினால் என்ன தப்பு?

மனிதர் படிக்கத் தப்பில்லை. ஆனால் உங்கள் 4,000 பதிவில் "தமிழ்", "டமில்", "தமிழ் / ஆங்கிலம்" என்று பல வடிவம் இருந்தால் மொழி வடிகட்டி வேலை செய்யாது. ஐஎஸ்ஓ 639 குறியீட்டைப் போடுங்கள். இரண்டெழுத்தில் டி-ஏ, மூன்றெழுத்தில் டி-ஏ-எம். எதை எடுத்தாலும் சேகரம் முழுதும் ஒன்றாக, ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கட்டும். இருமொழி நூலென்றால் புலத்தை இரண்டு முறை போடுங்கள், சாய்கோட்டால் ஒட்ட வேண்டாம். மணிப்பிரவாள நூலுக்குத் தமிழ், சமஸ்கிருதம் இரண்டும் வரும்.

மொழி வேறு, எழுத்து வேறு. கிரந்தத்தில் எழுதிய சமஸ்கிருதச் சுவடியின் மொழி சமஸ்கிருதம்தான். அரபு எழுத்தில் எழுதிய அர்வி நூலின் மொழி தமிழ்தான். எளிய டப்ளின் கோரில் எழுத்துக்கென்று புலம் இல்லாததால் அதை விவரணையில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் அர்வி நூல்கள் அரபு மொழி நூல்களாகப் பதிவாவதுண்டு.

பார்க்க அதே சொல்தான் இருக்கிறது. ஆனால் தேடினால் வரமாட்டேன் என்கிறது. ஏன்?

முதல் காரணம் பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய தரவு உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும், வெளியே போனதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகிவிடும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். மாற்றியதும் சரிபாருங்கள். மாற்றிகள் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பில் தடுக்கி விழும்.

யூனிகோடுக்குள்ளும் பொறிகள் உண்டு. "கொ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டலாம். திரையில் வேறுபாடே தெரியாது. என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கும், பைத்தானில் ஒரே வரி வேலை. ஆனால் "கௌரி" என்பதைக் கொம்போடு ள எழுத்தைச் சேர்த்துத் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது. "ஸ்ரீ" இரு வகையாகக் குறியேற்றம் பெறுகிறது, ஒன்று ஸ-விலிருந்து, மற்றது ஶ-விலிருந்து. அதையும் என்எஃப்சி சேர்க்காது. ஓசிஆர் மூலம், அதாவது படத்திலிருந்து கணினியே எழுத்தைப் படித்து எடுத்த உரையில் காலுக்குப் பதில் ர வந்து "காலம்" என்பது "கரலம்" ஆகிவிடும். தமிழ் எண்களில் ௧ என்பது க போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் மாறித் தட்டப்படும். இவற்றைத் தேடி மாற்றும் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஓட்டுவதுதான் வழி. பழைய அச்சில் உள்ள ணை, லை, னா வடிவங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அது எழுத்துருவின் தோற்றம், குறியீடு ஒன்றே.

ஆங்கில எழுத்திலும் தலைப்பு வேண்டுமா?

இருந்தால் நல்லது, ஆனால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக அல்ல, கூடுதலாக. வெளிநாட்டு நூலகங்கள் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில்தான் நெடுங்காலம் பட்டியலிட்டன. ஐஎஸ்ஓ 15919 போன்ற ஒரு முறையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். பேச்சு வழக்கில் தோன்றியபடி எழுதினால் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும்.

நூலகப் பட்டியலுக்கான மார்க் 21 என்ற வடிவத்தில் பட்டியலிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல நூலகங்களில் 245ஆம் புலத்தில் ரோமன் தலைப்பும் 880ஆம் புலத்தில் தமிழ்த் தலைப்பும் இருக்கும். டப்ளின் கோராக மாற்றும் விதியில் 880 சேர்க்கப்படாவிட்டால் தமிழ் முழுவதும் வழியிலேயே உதிர்ந்துவிடும். உள்ளே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

பொருள் தலைப்பு எத்தனை போடலாம்?

நூல் எதைப் பற்றியது என்று காட்டும் சொல்தான் பொருள் தலைப்பு. மூன்று முதல் ஐந்து போதும். "பொது", "மற்றவை", "புத்தகம்" போன்றவை எதற்கும் உதவா. ஊர்ப் பெயருக்கு நூலில் உள்ள பெயரையும் இன்றைய பெயரையும் தாருங்கள்: மாயவரம், மயிலாடுதுறை. மாவட்டத்தில் கவனம் தேவை. 1991இல் நாகப்பட்டினம் பிரியும்வரை அது தஞ்சாவூர் மாவட்டம்தான். பழைய ஆவணத்தில் தஞ்சாவூர் என்று இருப்பது பிழையல்ல.

எல்லாம் எக்செலில் இருக்கிறது. அதுவே போதுமா, மென்பொருள் வாங்க வேண்டுமா?

சில ஆயிரம் பதிவுவரை விரிதாள் போதும். கோஹா, டிஸ்பேஸ், ஒமேகா போன்ற நூலக, சேகர மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. எதற்குப் போனாலும் முதலில் சுத்தமான விரிதாள் வேண்டும். எக்செல் செய்யும் வேண்டாத உதவிகளை மட்டும் தடுத்துவிடுங்கள். "3-4" என்ற தொகுதி எண்ணைத் தேதியாக்கும், 00127 என்ற சேர்க்கை எண்ணின் முன்சுழியங்களை விழுங்கும், 1900க்கு முந்தைய தேதிகளைத் தேதியாகவே ஏற்காது. தட்டும் முன்பே எல்லா நெடுவரிசைகளையும் உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். சிஎஸ்வி ஆகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று உள்ளதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

ஒரு கலத்தில் இரண்டு ஆசிரியர் இருந்தால் நடுவே செங்குத்துக்கோடு போன்ற, தரவில் வேறெங்கும் வராத குறியைப் பயன்படுத்துங்கள். காற்புள்ளி வேண்டாம், அது பெயருக்குள்ளேயே வருகிறது. ஓப்பன்ரிஃபைன் என்ற தரவுச் சுத்திகரிப்பு மென்பொருளில் ஒவ்வொரு நெடுவரிசையையும் திறந்து, எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற பட்டியலைப் பாருங்கள். ஒருமுறை மட்டும் வரும் மதிப்புகளில்தான் எழுத்துப்பிழைகள் ஒளிந்திருக்கும். தானாக ஒன்றுசேர்க்கும் வசதியைக் கண்ணால் பார்க்காமல் அழுத்த வேண்டாம். கந்தசாமியும் கந்தசுவாமியும் ஒருவராகவும் இருக்கலாம், இருவராகவும் இருக்கலாம்.

அனுப்பும் முன் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குத்துமதிப்பாகப் பத்துப் பதிவுகளை எடுத்து, நிறுவனத்தின் பெயரும் சேகரத்தின் பெயரும் இல்லாத வெறும் தாளில் அச்சிடுங்கள். உங்கள் நூலகத்தில் வேலை செய்யாத ஒருவரிடம் கொடுத்து, இது என்ன பொருள், யாருடையது, எந்தக் காலம், எங்கே பார்க்கலாம், பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். அவர் திணறும் இடத்தில்தான் வேலை பாக்கி. செலவில்லாத இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும் குறைகளை எந்தச் சரிபார்ப்பு மென்பொருளும் காட்டாது.

ஓஏஐ-பிஎம்எச் இருந்தால்தான் எடுப்போம் என்கிறார்கள். அது என்ன?

உங்கள் சர்வரிலிருந்து பதிவுகளைத் திரட்டியின் கணினி தானாக எடுத்துப்போகும் முறை. அறுவடை என்பார்கள். இன்றும் வழக்கிலுள்ள 2.0 பதிப்பு 2002இல் வந்தது. அதில் ஆறே கட்டளைகள்: ஐடென்டிஃபை, லிஸ்ட்மெட்டாடேட்டாஃபார்மேட்ஸ், லிஸ்ட்செட்ஸ், லிஸ்ட்ஐடென்டிஃபையர்ஸ், லிஸ்ட்ரெக்கார்ட்ஸ், கெட்ரெக்கார்ட். எளிய டப்ளின் கோர் வடிவில் பதிவைத் தருவது கட்டாயம். அதற்கு மேல் மார்க், மோட்ஸ் போன்ற செழுமையான வடிவங்களையும் தரலாம், தருவது நல்லது.

நிரல் எழுத வேண்டியதில்லை. கோஹாவில் இது உள்ளேயே இருக்கிறது, ஆனால் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அமைப்பு விருப்பங்களில் போய் இயக்க வேண்டும். ஒமேகாவுக்குத் தனிச் செருகுநிரல் உண்டு. டிஸ்பேஸில் பதிவுகள் ஓஏஐ சுட்டியில் ஏற, இம்போர்ட் கட்டளை நாள்தோறும் தானாக ஓடும்படி அமைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு "புதிய நூல்கள் வரவில்லையே" என்று திரட்டியைக் குறைசொல்வது வழக்கமாக நடக்கிறது.

அறுவடை பாதியில் நின்றுவிட்டது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. எங்கே தேடுவது?

பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்துதான் காரணம். பதிவுகள் போகும் எக்ஸ்எம்எல் கோப்பில் "&" குறி அப்படியே வந்தாலோ, வேர்டிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்து கூடவே வந்தாலோ அந்தப் பக்கமே செல்லாததாகிவிடும். பதிவுகள் நூறு நூறாகப் பக்கம் பிரித்துப் போகின்றன என்று வைத்துக்கொண்டால், கெட்ட எழுத்து உள்ள பதிவோடு சேர்ந்து அதே பக்கத்தின் மற்ற 99 பதிவும் விழும், அடுத்த பக்கத்துக்கும் போக முடியாது. உலாவியில் லிஸ்ட்ரெக்கார்ட்ஸ் முகவரியைத் திறந்து பக்கம் பக்கமாகப் போனால் எங்கே உடைகிறது என்று தெரியும்.

நிற்காமலே பழைய பதிவுகள் தொடர்ந்து காட்டப்பட்டால் காரணம் வேறு. திரட்டி "போன முறைக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கொடு" என்று கேட்கிறது. பதிவின் நேரமுத்திரையை வைத்து உங்கள் சர்வர் பதில் சொல்கிறது. தரவுத்தளத்துக்குள் நேரடியாகப் புகுந்து ஆயிரம் பதிவுகளை ஒரே கட்டளையில் திருத்திவிட்டு நேரமுத்திரையைப் புதுப்பிக்கவில்லை என்றால், மாறியது யாருக்கும் தெரியாது. இந்த முத்திரை பதிவு மாறிய நேரம்தான், நூல் வெளியான தேதியோடு இதற்குச் சம்பந்தமில்லை.

உரிமைப் புலத்தில் "அனைத்து உரிமைகளும் எங்கள் நூலகத்துக்கே" என்று போடலாமா?

கூடாது. புத்தகம் உங்கள் அலமாரியில் இருப்பதால் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும், இலங்கையில் 70. உரையாசிரியர், ஓவியர், முன்னுரை எழுதியவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற இன்னொரு வழியும் உண்டு. பாரதியின் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கியது, பின்னர் அது பொதுவாக்கப்பட்டது. நாட்டுடைமை அந்த ஆசிரியரின் எழுத்துக்குத்தான். அதே நூலில் பிறர் எழுதிய உரைக்கோ அட்டைப்படத்துக்கோ அது செல்லாது.

எழுதும் முறைக்கு ரைட்ஸ்ஸ்டேட்மென்ட்ஸ் என்ற பொதுப் பட்டியல் 2016 முதல் இருக்கிறது. அதில் 12 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைய முகவரி. முகவரியை அப்படியே புலத்தில் இடுங்கள். உரிமை நிச்சயம் முடிந்துவிட்ட நூலுக்கு கிரியேட்டிவ் காமன்ஸின் பொதுக்களக் குறி (பப்ளிக் டொமைன் மார்க்). ஆசிரியர் இறந்த ஆண்டு கிடைக்கவில்லையா, "மதிப்பிடப்படவில்லை" என்ற கூற்று இருக்கிறது, அதைப் போடக் கூச்சப்பட வேண்டாம். பொருளின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். யூரோப்பியானாவும் டிபிஎல்ஏவும் பதிவுகளை சிசி0 என்ற முழு விடுவிப்பில்தான் ஏற்கின்றன. பொருள் உரிமையில் இருந்தாலும் பதிவை இப்படி விடுவிக்கலாம்.

பழைய நூலின் தலைப்பிலேயே ஒரு சாதியை இழிவாகச் சொல்லும் சொல் இருக்கிறது. மாற்றிவிடலாமா?

அச்சிட்ட தலைப்பை மாற்றாதீர்கள். மாற்றினால் அந்த நூலைத் தேடுகிறவருக்குக் கிடைக்காது, வரலாறும் மறைந்துபோகும். ஆனால் நீங்கள் எழுதும் விவரணையிலும் பொருள் தலைப்பிலும், சதுர அடைப்புக்குள் நீங்கள் கொடுக்கும் தலைப்பிலும், அந்த மக்கள் இன்று தங்களைக் குறிக்க ஏற்கும் சொல்லையே பயன்படுத்துங்கள். "தலைப்பு மூல நூலில் உள்ளபடி" என்ற வரியைப் பதிவுக்குள்ளேயே எழுதுங்கள். தளத்தின் கொள்கைப் பக்கத்தில் மட்டும் எழுதினால் அது பதிவோடு பயணம் செய்யாது.

கடிதங்கள், வழக்கு ஆவணங்களில் வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் முகவரி, நோய் விவரம் போன்றவை பதிவில் வேண்டாம். நன்கொடை தந்தவரின் தொலைபேசி எண் உள் புலம் ஒன்றிலிருந்து விவரணைக்குள் புகுந்து வெளியே போவதும் நடக்கிறது. எந்தப் புலம் வெளியே போகும், எது போகாது என்ற பட்டியலை மாற்று விதி எழுதும் முன்பே தீர்மானியுங்கள்.

ஒரு பதிவை நீக்கிவிட்டோம், தளத்தையும் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிறோம். ஏற்கெனவே வெளியே போன பதிவுகள் என்ன ஆகும்?

சும்மா அழித்துவிட்டால் திரட்டியில் அது அப்படியே நிற்கும், சொடுக்குகிறவர் வெற்றுப் பக்கத்தில் போய் விழுவார். ஓஏஐயில் நீக்கிய பதிவுக்கென்று ஒரு நிலைக்குறி உண்டு. நீக்கியவற்றின் விவரத்தை நிரந்தரமாக வைத்திருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த அறுவடையில் அங்கேயும் நீங்கும். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால் முழுச் சேகரத்தையும் புதிதாக அறுவடை செய்யச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள்.

முகவரி மாறுவதுதான் பெரிய சேதம். மென்பொருளின் உள் எண்ணை ஒட்டி அமைந்த முகவரிகள் மென்பொருளோடு போய்விடும். ஆர்க் என்ற நிலை அடையாளத்துக்குக் கட்டணமில்லை, நிறுவனத்துக்கு ஓர் எண் மட்டும் கேட்டுப் பெற வேண்டும். டிஓஐக்குக் கட்டணம் உண்டு. இரண்டும் இயலாவிட்டால் உங்கள் சொந்த டொமைனில் மென்பொருள் பெயர், அலமாரி எண், துறைப் பெயர் எதுவும் கலக்காத ஒரு தொடர் எண்ணைக் கொடுத்து, பழைய முகவரிகளிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் அட்டவணையை மாற்றத்துக்கு முன்பே தயாரியுங்கள். ஓஏஐ முகவரி மாறுவதையும் பதிவு அடையாளங்கள் மாறாது என்பதையும் திரட்டிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அடையாளங்களும் மாறினால் ஒவ்வொரு நூலும் அங்கே இரண்டு முறை தோன்றும், பழையதைக் கழிக்க மாதங்கள் ஆகும்.